எண்ணெய்த் துளையில் சந்தனம்

கார் எஞ்சினை நாங்கள் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம். மேலே இருப்பது ஹெட். கீழே கிராங்க், ராடு, பிஸ்டன், பேரிங் எல்லாம் சேர்ந்தது ஆஃப் எஞ்சின். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்திய பத்து வருடமும் ஹெட் என் வேலை, ஆஃப் எஞ்சின் அவன் வேலை. ஆளுக்கு அரை மெக்கானிக் என்று பக்கத்து டயர் கடைக்காரர் கிண்டல் செய்வார். கோபம் மட்டும் எனக்கு முழுசாக இருந்தது. அவனுக்கு அது வரவே வராது.

பிழைப்புக்கு ஊரார் வண்டிகளைப் பார்த்தோம். ஆசைக்கு என்று எங்களிடம் ஒரு கார் இருந்தது. பார்வைக்குப் பழைய சின்ன கார். உள்ளே ரேஸ் வண்டிக்கான வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வருவான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அந்தக் கார் வேலையில் உட்காருவான். ஒவ்வொரு பிஸ்டனையும் தராசில் வைத்து, கூடுதலாக இருப்பதைச் சுரண்டி, நாலையும் ஒரே எடைக்குக் கொண்டுவர அவனுக்கு இரண்டு மாதம் ஆனது. நான் பொறுமை இழந்து கத்தினால், "செத்த இருலே, ஓடுறப்ப தெரியும்" என்பான்.

அந்தக் காரின் பிஸ்டன்களெல்லாம் சேர்ந்து சுழற்றும் தண்டான கிராங்கை ஸ்ரீவில்லிபுத்தூர் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். சாயங்காலம் முழுக்க அவன் அதைக் கழுவினான். கிராங்குக்குள்ளே சாய்வாக நுணுக்கமான துளைகள் போகும். அவற்றின் வழியாகத்தான் எண்ணெய் பேரிங்குக்குப் போய்ச் சேரும். அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாகப் பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, சுத்தமான துணியில் சுற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் கிறிஸ்தவன் என்றாலும் எங்கள் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் முதலில் அவன் கைக்குத்தான் போகும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பான். "பொட்டெல்லாம் வெளிய எம்புட்டு வேணாலும் வச்சுக்க. உள்ள போற சாமான்ல வைக்காத" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வான். அந்த வருடமும் சொன்னான்.

பூஜையன்று மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் துணியைப் பிரித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது கிராங்க். ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்துவிட்டு, எங்கள் ஆசைக் காரின் முதுகெலும்பை மூளியாக விட மனசு வரவில்லை. சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். எங்கே வைப்பது என்று பார்த்தபோது அந்த எண்ணெய்த் துளைகள் நெற்றியின் நடு மாதிரித் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு. சூடம் காட்டியதும் ஈரத்துணியால் நன்றாக அழுத்தித் துடைத்து, அவன் சுற்றிய மாதிரியே சுற்றி வைத்தேன். பொரி சாப்பிட்டேன். மறந்தும் போனேன்.

மறுநாள் அவன் அதை எடுத்து மாட்டினான். அவனே கழுவி, அவனே சுற்றி வைத்தது. இன்னொரு தரம் ஏன் கழுவப் போகிறான்?

கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் நான்தான் ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் கீழேயிருந்து டொக் டொக் என்று ஒரு அடி கிளம்பியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டு கார் மண்ணில் இறங்கிச் சுற்றியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பயம் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அங்கேயே எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவது ராடின் பேரிங் எண்ணெய் இல்லாமல் வெந்து, நொறுங்கிக் கிடந்தது. துளை அடைத்திருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"கிராங்கக் கழுவுனியாலே?" என்று கேட்டேன்.

"கழுவுனேன்னுதான் நெனைக்கேன்" என்றான்.

அந்த 'நெனைக்கேன்'தான் என்னைக் கொளுத்திவிட்டது. அத்தனை டீம் ஆட்களும் பார்த்துக்கொண்டு நிற்க, "நெனைக்கியா? என்னையக் கொல்லப் பாத்துட்டு நெனைக்கியா? இனிமே ஸ்பேனரத் தொடாதலே. உன் கை எஞ்சினுக்கு ஆகாது" என்று கத்தினேன். அவன் கையைத் துடைத்த துணியை நாலாக மடித்து டூல் பெட்டிமேல் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனான். அப்புறம் அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டுப் பக்கம் குடிபோய், ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எஞ்சினை நான் தார்ப்பாய் போட்டு மூடினேன். பார்த்தாலே ஆத்திரமாக வந்தது.

ஆறு வருடம் கழித்து இந்த வருடம்தான் திறந்தேன். உண்மையைச் சொன்னால் கார்மேல் எனக்கு ஆசை போய் நாளாகிவிட்டது. அவன் இல்லாமல் கடையில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவனைக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டும். ஆஃப் எஞ்சினுக்கு வேண்டிய சாமான் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, "பழச விடு, வந்து மாட்டிக் குடு" என்று பெரிய மனுஷன் மாதிரிப் போய் நிற்கலாம் என்று திட்டம். அவனை மன்னிப்பதற்கு நான் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

கிராங்கைக் கழற்றி மேஜையில் வைத்தேன். மூன்றாவது இடம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. துளையில் காற்றடித்தேன், போகவில்லை. பிரேக் கேபிள் கம்பியை விட்டுக் குத்தினேன். கல் மாதிரி ஒரு அடைப்பு. மெல்ல மெல்லச் சுரண்டியபோது தூளாக உதிர்ந்தது. இரும்புத் தூள் என்றால் கறுப்பாக இருக்கும். கடைசல் மண் என்றால் சாம்பல் நிறம். இது மேலே பழுப்பு, உள்ளே மஞ்சள். விரலில் வைத்துத் தேய்த்தேன். அந்த நரநரப்பை என் விரலுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பூஜையன்று மத்தியானம் முழுவதும் அப்படியே திரும்ப வந்தது. ஈரத்துணியை அழுத்தி அழுத்தித் துடைத்தது உட்பட. மற்றத் துளைகளில் எண்ணெய் அதைக் கரைத்துத் தள்ளியிருக்கிறது. மூன்றாவதில் இறுகிவிட்டது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றதும் ஒரு கேவலமான யோசனையும் வந்தது. துளையைச் சுத்தம் செய்துவிட்டால் யாருக்குத் தெரியும்? திட்டப்படி மன்னித்துவிட்டு வந்துவிடலாமே. இரண்டு நாள் அந்த யோசனையோடு இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தார்.

"அவிய போன்ல பேச மாட்டாவண்ணே. நேர்ல வந்து பாருங்க" என்றார்.

கோபம் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இருக்க வேண்டியதுதானே.

கிராங்கை மறுபடி கடையக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போன அன்றைக்கே அவனையும் பார்க்கப் போனேன். மத்தியான ஷிப்டுக்கு மில் வேன் வந்து நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. காக்கிச் சட்டையில், தலை முக்கால்வாசி நரைத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். அவனே ரெண்டு டீ சொன்னான்.

பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை மெதுவாக ஆரம்பித்தேன். அவன் என் வாயையே பார்த்தான். பிறகு வலது காதை என் பக்கம் திருப்பினான்.

"சத்தமாச் சொல்லுலே. மிஷின் சத்தத்துல காது போச்சு. இந்தப் பக்கந்தான் கொஞ்சம் கேக்கும்."

எஞ்சின்மேல் நீள ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்தப் பேரிங் அடிக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அது. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் கத்தினேன்.

"நாந்தாம்லே! கிராங்குல நாந்தான் சந்தனம் வச்சேன்! துளைய அடச்சது அதுதான்! உன் மேல தப்பே இல்ல!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். வேனுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் பேர் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எத்தனாவது துளை?" என்று கேட்டான். மூன்று விரலைக் காட்டினேன். தலையை ஆட்டினான்.

"அப்ப நான் கழுவித்தான் இருந்தேன்."

"கழுவியிருந்தலே. அம்புட்டும் கழுவியிருந்த!"

"நீ சொன்னத நான் நம்பிட்டேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எம் பாப்பா சைக்கிளுக்குச் செயின் கழண்டாக்கூட நான் மாட்டுறதில்ல. கடைக்குத்தான் தள்ளிட்டுப் போவேன். என் கை பட்டு அவளுக்கு எதுவும் ஆயிருமோன்னு."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கெஞ்சினேன். சாமான் எல்லாம் தயார், கிராங்க் அடுத்த வாரம் வந்துவிடும், நீ வந்து மாட்டு, வேறு ஒருத்தனைத் தொட விடமாட்டேன் என்று அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாட்டிரலாம்" என்றான். "ஸ்டார்ட் பண்ணுனா, கீழ அடிக்குதா இல்லையான்னு யாருலே கேக்குறது?"

ரோட்டில் மில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. மற்றவர்கள் ஏறினார்கள். இரண்டாவது தரமும் அடித்தது. அவன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். நான்தான் அவன் தோளைத் தொட்டு வேனைக் காட்டினேன்.