என் பெயரில் ஒரு ஜாஸ்

எண்பதுகளில் என் அத்தா கொச்சியில் ஒரு ஹோட்டல் பேண்டில் சாக்ஸபோன் வாசித்தார். அவர் சொந்தமாக அமைத்த ஒரே ஜாஸ் இசையின் தலைப்பு 'ரோஷ்னி'. யார் அந்த ரோஷ்னி என்று கேட்டால், "நீதான். நீ பொறக்கப்போறது எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்.

நம்பினேன்.

இன்று கொச்சியின் பழைய யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதே பேண்டில் டிரம்ஸ் வாசித்தவராம். அத்தாவின் பெயரைச் சொன்னதும் சாயா வரவழைத்தார். நானும் சும்மா இராமல் அந்தத் தலைப்பைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"ரோஷ்னியா? ஆலுவாக்காரியல்லே! சனிக்கிழமை ஆனா முன் மேசையில வந்து இருப்பா. அவ வந்தாத்தான் உன் வாப்பா அதை வாசிப்பான். நல்ல பிரேமம்! ஆமா மோளே, உன் பேரு என்ன?"

சொன்னேன்.

"படச்சோனே!" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

வீட்டில் அத்தா இருக்கும்போதே அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு இந்தப் பேரை வச்சது யாரும்மா?"

"நான்தான்," என்றார் அம்மா பெருமையாக. "அத்தா வேற பேரு சொன்னாங்க. நான் விடல. அவங்க போட்ட ஒரே பாட்டு, அந்தப் பேரை வைக்காம இருப்பனா?"

அத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இத்தனை வருடமும் அவர் கூப்பிட்டது யாரை?

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் இந்த இணையப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு அவசரமாக வேறு பெயர் வேண்டும். ஆலுவாவில் யாருக்கும் இல்லாத பெயராகச் சொல்லுங்கள்.