அம்மா ஜெயித்த ஆட்டம்

குவளைக்குள் குலுங்கிய பகடைகள் மரப்பலகையில் சடசடவென்று விழும் சத்தம் இப்போது செங்கம் ரோட்டில் எந்தக் காபிக் கடையைக் கடந்தாலும் கேட்கிறது. கேட்டதும் நான் நடையை எட்டிப் போடுகிறேன். பேக்கேமன் என்கிறார்கள். வெள்ளைக்காரர்களோடு நம் பிள்ளைகளும் உட்கார்ந்து ஆடுகிறார்கள், ஆளுக்கொரு 'டிப்ஸ்' வைத்திருக்கிறார்கள். புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடமும் ஒன்று உண்டு: கிடைக்கிறதே என்று காயை வெட்டாதீர்கள். அப்பாவும் அம்மாவும் ஆடியதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது அது.

அதே ரோட்டில் அப்போது எங்களுக்கு ஒரு மாடி வீடு இருந்தது. மேலறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேர் என்பதே பாதிப் பொய். அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் இன்னொரு குடும்பம் இருந்தது. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், வீட்டில் மட்டும் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சட்டையை மாட்டினால் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

ஒரு கார்த்திகையில் தீபம் பார்க்க வந்து மேலே தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள், ஊருக்குப் போகும்போது தன் ஆட்டப் பலகையை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். மேலறையில் தங்குகிறவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே அப்பாவுக்கு ஆட்டம் பிடிபட்டிருந்தது. மழை விடாத ஒரு மத்தியானம், பஸ்ஸுக்குப் போக முடியாமல், "வாயேன், ஒரு ஆட்டம் போடலாம்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். கூப்பிட்டதற்கே அம்மா வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "வூட்ல பகடை உருட்டினா குடும்பம் பிரிஞ்சி பூடும்" என்றாள். "இனிமேலா பிரியணும்" என்று அம்மா முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

அம்மா 'தாயம்' ஆடுவதில் கெட்டிக்காரி. தாயத்தில் எதிராளியின் காயை வெட்டினால் மறுபடியும் உருட்டலாம். ஒரு காயையாவது வெட்டாமல் பழம் எடுக்க முடியாது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கண்ணில் பட்ட காயையெல்லாம் வெட்டினாள், வெட்டிய கையோடு பகடைக்குக் கை நீட்டினாள். "இதுல மறு ஆட்டம்லாம் கெடையாது. வெட்டப் போயி உன் காய் தனியா நிக்குது பாரு" என்று அப்பா சிரிப்பார். இந்த ஆட்டத்தில் தனியாக நிற்கும் காயைத்தான் வெட்டலாம். இரண்டு சேர்ந்து நின்றுவிட்டால் யாரும் தொட முடியாது. அம்மா தோற்றாள், தோற்றுத் தோற்றுச் சிரித்தாள். மழை விட்ட பிறகும் அப்பா பலகையைவிட்டு எழுந்திருக்க மாட்டார். "இன்னும் ஒண்ணு" என்பார், பஸ் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, ஆணியில் அவர் சட்டை தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தொங்கினால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை. இப்படியே இருந்துவிடுவார் என்று நம்பினேன். அம்மாவும் நம்பினாள், என்னைவிட ஜாஸ்தியாகவே.

ஆனால் அம்மா மக்கு இல்லை. மேலறைக்குப் புதிதாக வந்தவர்களும் அதே ஆட்டத்தை ஆட, காபி கொடுக்கப் போனவள் நின்று கவனித்தாள். தை பிறக்கும் முன்பே வெட்டுகிற ஆசையை விட்டுவிட்டாள். காய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பலகையில் தன் பக்கத்து ஆறு முக்கோணக் கட்டங்களையும் அடைத்துக்கொண்டு, தேவையான ஒரே ஒரு வெட்டை வெட்டினாள். வெட்டுப்பட்ட காய் அந்த ஆறில் ஒன்றில் இறங்கித்தான் மறுபடி உள்ளே வர வேண்டும். அப்பா உருட்டினார், இறங்க இடமில்லை. அடுத்த முறையும் இல்லை, அதற்கடுத்த முறையும் இல்லை. அவர் சிரிப்பு நின்றுபோனது.

"கொஞ்சம் வழி விடேன்" என்றார்.

"வழி விட்டு விட்டுத்தான் நான் இந்த கதிக்கு வந்துகிறேன்" என்றாள் அம்மா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா ஆட்டம் முடியும்வரைகூட உட்காரவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பொங்கலுக்கு வரவில்லை, அடுத்த தீபத்துக்கும் வரவில்லை. கடைசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆள் வந்தது, அவர் செத்துப்போன சேதியைச் சொல்லத்தான்.

அந்த வீடு கைமாறி இடிபட்டு, அங்கேயும் ஒரு காபிக் கடை வந்துவிட்டது. மேலறை இல்லை, பலகை எந்தக் குப்பைக்குப் போனதோ தெரியாது, பக்கத்து வீட்டு அத்தையும் இல்லை. அம்மா மட்டும் வேங்கிக்காலில் என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அப்பாவின் பேரை அவள் எடுத்தே பல வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: "அன்னிக்கி நான் தோத்துப் போயிருந்தா உங்கப்பா இருந்திருப்பாரா?"

இத்தனை வருஷமும் இதைத்தான் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இருந்திருப்பார் என்றால் பழி அவள் தலையில் விழும் என்று பயந்து, "இல்லம்மா, நீ தோத்திருந்தாலும் போய்த்தான் இருப்பாரு" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா கரண்டியைக் கையால் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.