சுந்தரத்துக்கு ஓர் எதிர்க்கட்சி

போன சனிக்கிழமை பாபகூராவில் ஒரு வீட்டில் சண்டை நடக்கவில்லை. அதனால் அந்த வீடே கலங்கிப்போய் இருந்தது.

சண்டை இல்லாவிட்டால் நிம்மதிதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

அது என் நண்பர் சுந்தரத்தின் வீடு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பல வருடங்களாக இங்கே, இந்த வெளிநாட்டில், கம்ப்யூட்டர் வேலை. ஆளைப் பற்றி ஒரே வரியில் சொல்வதென்றால் – தர்க்கம் என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். மனுகாவ் மாலின் கார் பார்க்கிங்கில் நின்றபடி, ஃபில்டர் காபிக்கு எந்தப் பால் சரி என்று என்னோடு மல்லுக்கட்டியவர். நான் வாங்கியிருந்த ஐஸ்கிரீம் உருகியே போனது. அவர் அசரவில்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. உயிர் தப்பியது. வலது கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. சொல்ல வேண்டியதும் மனதில் இருக்கிறது. வாய்க்குத்தான் வரவில்லை. அந்த மனிதருக்குப் போய் இது... வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று எனக்குக் கடவுள் மேல் கோபமே வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், குடை, சாவி என்று படம் படமாகக் காட்டுவார். மனைவி கல்யாணி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எடுத்துக்கொடுப்பார். பயிற்சி கொடுத்தவர் நல்ல பெண், பொறுமையானவர். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு, சாவிப் படத்தைப் பார்த்து 'சா... சா...' என்று திணறுவது எப்படி இருக்கும்? இங்கேயே பிறந்து வளர்ந்த மகள், 'குட் ஜாப், அப்பா' என்று கைதட்டுவாள். அன்பால்தான். இரண்டே வாரத்தில் சுந்தரம் படங்களைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த ஆரம்ப மாசங்கள்ல விடாம பேசிப் பழகணுமாம், அண்ணா. விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டமாம்" என்றார் கல்யாணி, வாசலில் வைத்து. "இவரு வாயைத் திறக்கவே மாட்டேங்கிறாரு. நான் என்னதான் பண்றது?"

நான் என்ன செய்தேன்? உள்ளே போய் அரை மணி நேரம் உற்சாகமூட்டினேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு அதைச் சொல்லியா தர வேண்டும்? கோயிலில் பழக்கமானவர்கள் வந்தார்கள், ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னோம். மனசைத் தளர விடாதீங்க, பாசிட்டிவா இருங்க, எல்லாம் சரியாயிடும். வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படங்களாக வந்து குவிந்தன. சுந்தரம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அதைத்தான் பார்க்க முடியவில்லை. சுந்தரம் தலையாட்டி நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

அப்போதுதான் சிவநேசன் சாம்பாரோடு வந்தார்.

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். மனைவி தவறிப்போன பிறகு தனி ஆள். அடுப்புப் பக்கம் போகவே அதற்கப்புறம்தான் பழகினார். சுந்தரத்துக்குப் பிடிக்குமே என்று ஒரு சனிக்கிழமை பெரிய பாத்திரத்தில் சாம்பார் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

கல்யாணி அதை இட்லியில் ஊற்றி ஒரு வாய் கொடுத்தார். சுந்தரம் மென்றார். நிறுத்தினார். முகம் மாறியது. விழுங்க முடியவில்லையோ என்று பதறிப்போய் கல்யாணி தண்ணீரை எடுத்தார்.

"இது..." என்றார் சுந்தரம்.

நாங்கள் அப்படியே நின்றோம்.

"இது... சாம்... சாம்பார்... இல்ல."

கல்யாணி தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். சிவநேசனுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

"ஏன் ஐசே, இதுக்கு என்ன குறை? பருப்புப் போட்டனான், புளி விட்டனான், ஊர் மிளகாய்த்தூள் போட்டனான். தேங்காய்ப்பாலும் விட்டிருக்கிறன்."

"பால்?"

"ஓம், பால்தான். அதிலதானே ருசியே இருக்கு."

சுந்தரம் இடது கையால் மேசையைத் தட்டினார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. "பால்... ஊத்த... கூடாது."

"நீர் உம்மட சாம்பாருக்கு ஊத்தாதையும். நான் ஊத்துவன்."

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து சுந்தரத்தை எதிர்த்து ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை! நோயாளி என்று ஆனதும் நாம் முதலில் நிறுத்துவது மறுத்துப் பேசுவதைத்தான். அவர் எது சொன்னாலும் சரி என்கிறோம். ஒன்றுமே சொல்லாவிட்டாலும் சரி என்கிறோம். அன்பு என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் 'ஆமா, ஆமா' என்று சொல்ல ஆரம்பித்தால், நம் கதை முடிந்துவிட்டது என்று அந்த மனிதருக்குத் தோன்றாதா?

அடுத்த சனிக்கிழமை சிவநேசன் ரசம் கொண்டுவந்தார். அதுவும் தப்பு. வேண்டுமென்றேதான் தப்பாகச் செய்கிறாரா? கேட்டேன், மழுப்பிவிட்டார். சாப்பாட்டுச் சண்டை கிரிக்கெட் சண்டை ஆனது. பிறகு இட்லி பெரிதா, இடியப்பம் பெரிதா என்று போனது. சனிக்கிழமை சொல்ல வேண்டிய பதிலுக்கு சுந்தரம் திங்கட்கிழமையே தயாராகத் தொடங்கினார். ஆப்பிளையும் குடையையும் ஓரங்கட்டிவிட்டு, 'பெருங்காயம்' என்ற சொல்லோடு ஒரு வாரம் முழுக்கப் போராடினார். பயிற்சி கொடுக்கும் பெண்ணும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம். அது என்னவென்று அந்தப் பெண்ணுக்குப் புரிய, கல்யாணி டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தாராம்... பாவம்.

எல்லா நாளும் இப்படிப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். சொல் வராமல் அவர் அழுத நாட்கள் உண்டு. போன வாரம் வந்த சொல் இந்த வாரம் காணாமல் போன நாட்களும் உண்டு. ஜூலை மழை ஓயாமல் பெய்த ஒரு வாரம், போர்வையை விட்டே வெளியே வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். எதிர்க்கட்சி வருகிறதே! மோட்டிவேஷன் என்பது மனதுக்குள்ளிருந்து ஊறி வர வேண்டும் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சுந்தரத்துக்கு அது நான்கு வீடு தள்ளியிருந்து வந்தது.

இனி, போன சனிக்கிழமை.

நான் ஹென்டர்சனிலிருந்து ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. காலையிலேயே வர வேண்டிய சிவநேசனைக் காணவில்லை. சுந்தரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றேன். சுந்தரம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். போனைச் சுட்டிக் காட்டினார்.

கல்யாணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த நிலையில் இருப்பவருக்கு போனில் பேசுவது பெரிய கஷ்டம். எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. கையால் சைகை காட்ட முடியாது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் போனைத் தொட்டதே இல்லை.

கல்யாணி நம்பரைப் போட்டுக் கொடுத்தார். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது.

"ஹலோ" என்றார் சிவநேசன், ஸ்பீக்கரில்.

சுந்தரத்தின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் ஒரு 'ஹலோ'. கல்யாணி போனை வாங்கக் கையை நீட்டினார். சுந்தரம் கொடுக்கவில்லை.

"சிவா... ஏன்... வரல?"

சுந்தரம் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"நான்... யார்கூட... சண்டை... போட?"

அந்தப் பக்கமிருந்து, "வாறன்" என்று மட்டும் கேட்டது.

சிவநேசன் வெறுங்கையோடு வந்தார். கசங்கிய சட்டை, சீவாத தலை. சுந்தரம் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்று இருவரும் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை.

திரும்பும்போது தெருவில் வைத்து சிவநேசனே சொன்னார். அன்று அவருடைய மனைவியின் பிறந்தநாள்.

"காலமை எழும்பவே மனம் வரேல்ல. ஆரோடையும் கதைக்கிறேல்ல எண்டுதான் படுத்துக் கிடந்தனான்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"அந்த மனுசன் ஒரு சொல்லுக்கு என்ன பாடு படுறவர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "இத்தனை சொல்லைச் செலவழிச்சு என்னைக் கூப்பிட்டவர். எப்பிடி வராமல் இருக்கிறது?"

நானும்தான் வாராவாரம் இந்தப் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் சொற்களைச் செலவழிக்கிறேன்... ஒருவரையாவது படுக்கையிலிருந்து எழுப்பியதாக இதுவரை தகவல் இல்லை.