மகளுக்கு நான் அனுப்பிய துப்பாக்கிச் செய்திகள்

போன பத்தாண்டில் என் மகள் வேலை கிடைத்து அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குக் குடிபோனாள். அவள் போன நேரமோ என்னவோ, அங்கே வழிப்பறியும் துப்பாக்கிச் சூடும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயின. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்தபடி அதைக் கண்காணிக்கும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன். ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? மாம்பழச்சாலையில் ரோட்டைத் தாண்டவே யாராவது அம்மாளின் பின்னால் ஒளிந்துகொண்டு போகிற வீரன் நான். ஆனால் மகள் இருக்கும் ஊரில் எந்தத் தெருவில் இருட்டிய பிறகு நடக்கக் கூடாது என்பது எனக்கு அத்துப்படி.

தினமும் காலைக் காபியோடு அந்த ஊர்ச் செய்திகளைக் கைப்பேசியில் படிப்பேன். யாரைச் சுட்டார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று மகளுக்கு அனுப்பிவைப்பேன். கொள்ளிடக் கரையில் கூட நடக்கும் நண்பர், "இன்னிக்கு உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்பார். பஞ்சாங்கம் வாசிப்பதுபோல் ஒப்பிப்பேன்.

பலன், மகள் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேசினால், "நல்லா இருக்கேம்பா, அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான். காய்ச்சல் வந்தது, கார் மக்கர் செய்தது எல்லாம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். "உங்ககிட்ட சொன்னா ஊரைக் கூட்டுவீங்க" என்பாள் மனைவி. ஸ்கூல் சண்டையை எல்லாம் முதலில் என்னிடம் வந்து சொன்ன மகள். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளே உறுத்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அதிசயமாக என் கைப்பேசிக்கே அழைத்தாள்.

"அப்பா, பதறாதீங்க. ஒண்ணும் ஆகல."

எங்கள் பக்கத்தில் துக்கச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணுமில்ல, லேசா முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றால் அங்கே பந்தல் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். வையம்பட்டியில் என் சித்தப்பாவுக்கு 'லேசா முடியாமல்' போனது அப்படித்தான். எனவே எல்லாம் முடிந்தது என்றே முடிவுகட்டினேன். பேசுவது மகளேதான் என்பதுகூட உறைக்கவில்லை. கைப்பேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு, சட்டையை மாட்டி, மஞ்சள் பையில் ஒரு வேட்டியையும் பிரஷர் மாத்திரையையும் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

மனைவி கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"அமெரிக்காவுக்கு."

"அதென்ன முசிறி பஸ்ஸா, கையக் காட்டி ஏற? பாஸ்போர்ட்டே கிடையாது உங்களுக்கு! அவ இன்னும் லைன்லதான் இருக்கா, பேசுங்க."

கைப்பேசியைக் காதில் வைத்தேன். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டிக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். அடி எதுவும் இல்லை.

"அம்மாகிட்ட சொன்னா எல்லாத்தையும் விளக்கணும்பா. உங்களுக்குத்தான் இங்க தெருவெல்லாம் தெரியும்."

எனக்கு அந்தப் பெட்ரோல் பங்க்கும் தெரியும். அங்கே போகாதே என்று முந்தின வாரம்தான் செய்தி அனுப்பியிருந்தேன். அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. மெதுவா சொல்லு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.