உபயம் இல்லாத அருங்காட்சியகம்

பாலக்கரை வட்டார அருங்காட்சியகத்தைப் பதினோரு வருடமாகத் திறந்து, பெருக்கி, பூட்டுகிறவள் சித்ராதேவி. மாடியில் இரண்டு அறை, நூற்று நாற்பது பொருள்கள். அத்தனையும் அவள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கியவை. ஆரம்பத்தில் ஒருவரும் கொடுக்கவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த தன் அப்பாவின் சாப்பாட்டு கேரியரைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் ‘உபயம்: ஆண்டி குடும்பத்தார்’ என்று எழுதினாள். உடனே மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற ஊர் இது. பள்ளிவாசல் ஃபேனிலும் சர்ச் பெஞ்சிலும் இதே கதைதான்.

“உங்க பேரு இருக்குற வரைக்கும் பொருள் எங்ககிட்ட இருக்கும். பேரு போனா வந்து எடுத்துக்கங்க” என்று ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் அதையே பதிவேட்டில் எழுதி, அருங்காட்சியகத்தை நடத்தும் சங்கத்தின் தலைவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்தாள்.

தலைவர் லக்ஷ்மணன் ஸ்ரீரங்கத்துக்காரர். மாதம் ஒருமுறை காவிரிப் பாலம் தாண்டி வந்து காபி குடித்துவிட்டு, “நம்ம மியூசியம் வளரணும்” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாளும் ஒட்டடை அடித்தவரில்லை. போன வருடம் பெங்களூர் போனவர், அங்கிருந்து ஒரு டிசைன் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்பெனியின் அபிராம் மூன்று நாள் தங்கினான். முதல் நாள் முக்கொம்பு அணையில் படம் எடுத்தான். இரண்டாம் நாள் ஹோட்டலில் யோசித்தான். மூன்றாம் நாள் அருங்காட்சியகத்தின் பெயரையே மாற்றிவிட்டான்.

புதுப் பெயர் ‘பா’. அவ்வளவுதான். சாம்பல் நிறத்தில் ஒற்றை எழுத்து, அதற்கு நாற்பது பக்க விளக்கம். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் தலையைத் தலையை ஆட்டினார்கள். புரிந்தவர் ஒருவருமில்லை, புரியவில்லை என்று சொல்லத் துணிந்தவரும் இல்லை.

பழைய இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம், அதன் கீழே கொடுத்தவர் பெயரும் தெருவும் இருக்கும். புதியதைத் திறந்தால் ஒரு வெள்ளைச் சுவர். கீழே போனால் இன்னும் கொஞ்சம் வெள்ளைச் சுவர். அதன் அடியில் ‘நினைவுகள் மூச்சுவிடும் வெளி’ என்று ஒரு வரி.

“பேரெல்லாம் எங்க சார்?” என்று கேட்டாள் சித்ராதேவி.

“அது கண்ணை உறுத்துது மேடம்” என்றான் அபிராம்.

“நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“சித்ரா, இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. நாலு நாள் லீவு எடுத்துக்க” என்றார் லக்ஷ்மணன்.

திரும்பி வந்தபோது அறையெங்கும் பெயிண்ட் அழிக்கும் தின்னர் வாடை. நூற்று நாற்பது உபயத்தையும் துடைத்து எடுத்திருந்தார்கள். கேரியரில் அப்பா பெயரும் இல்லை. வாசலில் மட்டும் ஒரு கிரானைட் பலகை முளைத்திருந்தது: ‘புதுப்பொலிவு: தலைவர் லக்ஷ்மணன்’. தங்க எழுத்து. அது மட்டும் யார் கண்ணையும் உறுத்தவில்லை போலிருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த மனிதருக்கா இத்தனை நாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று அருவருப்புதான் வந்தது.

பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். பதினோரு வருட உழைப்பைத் தன் கையாலேயே கலைக்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். கடைசி வீடு வரை நிறுத்தவில்லை. “பேரை அழிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா, வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை ரிப்பன் வெட்டி முடித்ததும் ஷேக் தாவூது நேராகப் போய்த் தன் தகப்பனாரின் தையல் மிஷினைத் தூக்கினார்.

“பாய், அது மியூசியம் சொத்து!” என்று லக்ஷ்மணன் ஓடிவந்தார்.

“எங்க அத்தா பேரு இல்லாத இடத்துல அவரு மிஷினுக்கு என்னங்க வேலை?”

சித்ராதேவி பதிவேட்டைப் பிரித்து லக்ஷ்மணன் முன் நீட்டினாள். பேரு போனால் பொருளும் போகும் என்ற வரியின் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. அடுத்த பக்கத்திலும் இருந்தது. நூற்று நாற்பது தடவை படிக்காமலே போட்டிருந்தார்.

அடுத்து ஷெர்லின், பிறந்த குழந்தைகளை எடை பார்க்கும் தன் அம்மாவின் தராசை எடுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்குள், கேரியரைத் தவிர இரண்டு அறையும் காலி.

“இப்ப வெப்சைட்ல என்னத்தைக் காட்டுறது?” என்று லக்ஷ்மணன் கத்தினார்.

“அதான் வெள்ளைச் சுவர் காட்டியிருக்கீங்களே சார். அது போதும்” என்று சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கடைசியாக அப்பாவின் கேரியரை எடுத்துக்கொண்டு சித்ராதேவி படியிறங்கினாள்.

வாசலில் கிரானைட் பலகை பளபளத்தது. அதை எடுத்துப் போகத்தான் யாரும் வரவில்லை.