வண்டியில் படுத்திருப்பவர்கள்

1989ஆம் ஆண்டுக் குளிர்காலம். லண்டனில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சாப்பிட்டுவிட்டு, நாங்கள் நான்கு பேர் அங்கே கூடி, இல்லாத ஒரு நாட்டில் ஆறு மணிவரை அலைந்து திரிவோம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் வேலை செய்த பெட்ரோல் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எனக்கு ஒரு விளையாட்டைப் பழக்கினான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் என்றால் இல்லை. ஒரு கதையை வருடக்கணக்கில் இழுக்கலாம். கதைசொல்லி வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நாலு புத்தகம் படித்த திமிர் ஒரு காரணம். லண்டனில் முன் அனுபவம் கேட்காமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது என்பது மற்றக் காரணம்.

அந்த அறையில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர் என் வயதுக்காரர், மன்னார்க் கத்தோலிக்கர்; காலையில் பூசை கண்டுவிட்டு, மத்தியானம் முருகனிடம் சாப்பிட வருவார். கதையில் அவர் வாள்வீரர். மற்றவர் எங்களைவிட இளையவர், அதிகம் பேசாதவர். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்து வரவேண்டிய அகதி அந்தஸ்துக் கடிதத்துக்குக் காத்திருந்தார். வீரன், மந்திரவாதி, திருடன் எல்லாம் இருக்க, அவர் தோணிக்காரனாக இருக்கிறேன் என்றார்.

"தோணிக்காரனுக்கு என்ன வல்லமை இருக்கு?" என்று கேட்டேன்.

"வள்ளம் ஓட்டினாக் காணும் அண்ணை."

நான்காமவர் கணக்கியல் படித்துக்கொண்டு கடையில் வேலை செய்தவர். கதையில் திருடன். அவருக்கு எந்த ஞாயிறு ஷிப்ட் விழும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஆகவே ஒரு சட்டம் போட்டோம். வராதவரின் பாத்திரம் சாகாது, ஓடாது. எங்கள் கூட்டத்தோடு போகும் மாட்டுவண்டியில் படுத்து நித்திரை கொள்ளும். அவரை யாரும் எழுப்பக் கூடாது, விட்டுவிட்டும் போகக் கூடாது. ஓவர்டைம் நிறைய வந்த மாதங்களில் தோணிக்காரர் ஒருத்தர்தான் விழித்திருந்தார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பகடை விழுந்தால் விழுந்ததுதான். கெஞ்சினாலும் மாற்றமாட்டேன். ஊரிலும் இங்கும் எல்லாச் சட்டங்களும் எனக்கு மேலேயே இருந்துவிட்டன. என் கையில் இருந்த ஒன்றில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தேன்.

எட்டு மாதம் கழித்துக் கதை ஒரு பேராற்றுக்கு வந்தது. எரியும் ஊரிலிருந்து தப்பியவர்கள் கரையில் நிற்கிறார்கள், எட்டுப் பேர் என்றேன்.

"எட்டில்லை அண்ணை, ஒன்பது" என்றார் தோணிக்காரர்.

அதுவரை கதைக்குள் எதையுமே தானாகச் சேர்க்காதவர். எனக்கு மகிழ்ச்சி. ஒன்பது பேரையும் ஏற்றினார். யார் எங்கே இருக்க வேண்டும், யார் தண்ணீர் இறைக்க வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நடு ஆற்றில் ஒரு அலையை எழுப்பினேன். ஒருவன் விழுந்துவிட்டான், காப்பாற்றப் பகடையை உருட்டும் என்றேன். மூன்று விழுந்தது.

நான் விட்டேனா? தண்ணீர் அவனை எப்படி வாங்கியது, கை எப்படி ஒரு தடவை மேலே வந்தது என்று வர்ணித்தேன். உவமை வேறு இரண்டு வைத்தேன். சொல்லி முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் பகடையை மெதுவாக மேசையில் வைத்தார். கோட்டை எடுத்து மாட்டினார். "எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றார். அவருக்கு ஞாயிறு ஷிப்ட் இருந்ததே இல்லை.

கதவு சாத்தியதும் மன்னார்க்காரர் என்னைப் பார்த்தார்.

"டேய் விசரா. அவன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில வெளிக்கிட்டவன். ஒன்பது பேர் ஏறினவை. எட்டுப் பேர்தான் இறங்கினவை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவன் ஆருக்கும் சொல்லேல்லை. நித்திரையில கத்தினபடியா எனக்குத் தெரியும். இண்டைக்கு அவன் அந்தத் தம்பியைக் கரைக்குக் கொண்டுவரப் பாத்தவன். நீ கதை அளந்தாய்."

வாழ்க்கையில் நான் வாயைத் திறந்ததற்காக வருந்திய சந்தர்ப்பங்கள் பல. அன்றைய நாளோடு ஒப்பிட்டால் மற்றவை எல்லாம் சில்லறை.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. நாங்கள் வருமுன்னே அறையை விட்டு வெளியே போய்விடுவார். சட்டப்படி தோணிக்காரன் வண்டியில் நித்திரை. நாலாம் கிழமை அவரைக் கோயில் வாசலில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் செய்வதைத்தான் செய்தேன்: சலுகை கொடுத்தேன்.

"திரும்ப ஒருக்கா உருட்டும். இல்லாட்டி உருட்டவே வேண்டாம். ஒரு மீன்பிடிகாரன் அவனைத் தூக்கினான் எண்டு நான் சொல்லிவிடுறன்."

அவர் கொஞ்ச நேரம் சப்பாத்து நூலையே கட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் அப்பிடிச் சொல்லுவியள். நானும் நம்பிடுவன். பேந்து வீட்டை போய் என்ன செய்யிறது?"

ஆனால் அன்று அவர் எங்களோடு அறைக்கு வந்தார். உட்கார்ந்தார். நான் கதையைத் தொடங்க வாயெடுக்கவும், "வண்டியில இன்னும் ஒராளுக்கு இடமிருக்கோ?" என்று கேட்டார்.

"ஏன், திரும்பவும் நித்திரைக்குப் போகப்போறீரோ?"

"எனக்கில்லை. அந்த ஒன்பதாவது ஆளுக்கு."

என் சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. செத்தவனை வண்டியில் ஏற்ற முடியாது. நான் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்க, எங்கள் திருடன் முந்திவிட்டார்.

"என்ர பக்கத்தில படுக்கட்டும். அந்த வண்டியில கனகாலம் கிடந்தவன் நான்தான். ஆனா ஒண்டு, நான் குறட்டை விடுவன். பெடியனுக்குச் சொல்லிவையுங்கோ."

தோணிக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். "அவனும் விடுவான்" என்றார்.

அதன்பின் ஐந்து வருடம் அந்தக் கதை ஓடியது. மலை ஏறினோம், சிறைப்பட்டோம், ஒரு அரசியை ஏமாற்றினோம், அவள் எங்களை அதைவிட நன்றாக ஏமாற்றினாள். எங்கே போனாலும், புறப்படுமுன் தோணிக்காரர் வண்டியை எட்டிப் பார்ப்பார். "போர்வை இழுத்து விட்டாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் நான் கதையைத் தொடங்குவேன். பகடைச் சட்டத்தை நான் பிறகும் மாற்றவில்லை. உவமைகளை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

குரோய்டன் கடிதம் ஒருவழியாக வந்தது. 1995இல் அவர் கல்யாணம் கட்டிக் கனடாவுக்குப் போனார். ஒருவர் இல்லாமல் மற்ற இருவருக்கும் கதை இறங்கவில்லை. முடிக்காமலே நிறுத்திவிட்டோம்.

இப்போது இல்ஃபோர்டில் பிறந்தநாள் விழாக்களில் மற்ற ஆண்கள் ஊர் ஒழுங்கைகளை நினைத்துப் பெருமூச்சு விடும்போது, திருடனும் வாள்வீரரும் நானும் ஒரு மூலையில் அந்த அரசியின் கோட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். எங்கள் மனைவிமார் பொறுத்துக்கொள்கிறார்கள். யாரும் எங்களைத் துரத்தாத ஒரே நாடு அதுதான். இருந்தும் அங்கே திரும்பிப் போக வழியில்லை.

கனடாவிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை தொலைபேசி வரும். பிள்ளைகள், பனி, முழங்கால் வலி எல்லாம் பேசி முடிந்தபிறகு அவர் கேட்பார்: "வண்டியில எல்லாரும் நித்திரையோ அண்ணை?"

"ஓம். உம்மையும் அவனுக்குப் பக்கத்தில படுக்க வைச்சிருக்கிறன்."

அந்தக் கதையை நான் குறித்துவைத்த தாள்களும் பகடையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் என்னிடம் இருக்கின்றன. விழுந்ததை மாற்ற முடியாது, ஆனால் விட்டுவிட்டுப் போகாமல் இருக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் எப்போதாவது ஒரு ஞாயிறு வந்து தன் போர்வையை விலக்கி எழும்புவார் என்று, கோயில் சாப்பாட்டுக்குப் பிறகான அந்த நாலு மணித்தியாலத்தில் நான் இன்றுவரை வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.