கிறிஸ்துமஸ் மத்தியானத்துக்கு என்ன படம்?

கேபிள் தொழிலில் கம்பம் ஏறுகிறவருக்கு ஷாக் எப்போதாவதுதான் அடிக்கும். ஆபீஸில் போன் எடுக்கிறவளுக்குத் தினமும் அடிக்கும்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்ரூம்தான் ஆபீஸ். என் வீட்டுக்காரர் கம்பம் ஏறுவார். எட்டாவதோடு நின்றுவிட்ட நான் போன் எடுப்பேன். எங்கள் லோக்கல் சேனலில் என்ன படம் ஓட்டுவது என்பதும் என் தலையில்தான். டிசம்பர் பிறந்தாலே போன் ஓயாது. பண்டிகை நாளில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைச் சமாளிக்க முடியாமல் தவிக்கிறவர்களே, நான் ஒரு ஊரையே சமாளிக்கிறேன்.

பனிப் படம்

ஒரு வருஷம், கிறிஸ்துமஸ் என்றால் பனி கொட்ட வேண்டும் என்று காலையிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தமிழில் பேசும் வெள்ளைக்காரப் படம் ஒன்றைத் தேடிப் போட்டேன். படம் முழுக்கப் பனி. மழை வந்து லைன் அறுந்துவிடுமோ என்று நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வரவில்லை. போன்தான் வந்தது.

“யக்கா, படத்தைப் பாத்துட்டு எம்புள்ள குளுருதுன்னு போத்திக்கினு ஃபேனை நிறுத்திட்டான். பிரியாணி துன்னுட்டு எனக்கு வேர்த்து ஊத்துது. ஜல்தியா வேற படம் போடுங்க!”

சாமி படம்

அடுத்த வருஷம் வம்பே வேண்டாம் என்று இயேசுநாதர் படம் போட்டேன். இதற்கு யார் குறை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். மாட்டுத்தொழுவம் வந்து, அற்புதங்கள் வந்து, படம் சிலுவைக்குப் போய்விட்டது. எங்கள் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருக்கும் ரோசி அக்கா போனில் அழுதேவிட்டார்.

“பொறந்த அன்னிக்கே ஆணி அடிக்கிறியே, ஒனக்கு மனசு இருக்குதாடி? புள்ளைங்க தட்டுல சோத்த வச்சிக்கினு தேம்புதுங்க!”

அதிலிருந்து கிறிஸ்துமஸ் காலையில் அந்தப் படத்தைத் தொழுவம் வரைக்கும்தான் ஓட்டுவேன். அங்கே நிறுத்தியதும், மீதியைக் கேட்டு இன்னொரு கூட்டம் போன் பண்ணும். ஒரு வருஷம் எனக்கு முந்திக்கொண்டு என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். “மீதி பெரிய வெள்ளிக்கு வரும், வைங்க!”

கேட்டுப் படம்

எங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குப் பிடித்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். பேர் போட்ட துண்டு எப்போதோ அறுந்து போனதால், எங்கள் ஊரில் அதற்கு ‘கேட்டுப் படம்’ என்றுதான் பேர். ரயில்வே கேட்டுப் பக்கத்தில் ஒரு வீடு. வெளியூர் போன மகன் கிறிஸ்துமஸுக்கு வருவான் என்று அம்மா அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக் காத்திருப்பாள். ரயில் ரயிலாகப் போகும். கடைசியில் ஒரு ரயில் நிற்கும், அவன் இறங்குவான். அந்த இடத்தில் ஸ்டெல்லா என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். விழுப்புரத்தில் நர்சிங் படித்தபோதும் அப்படித்தான், பெரிய பெண் என்ற வெட்கமே இல்லை.

அவளுக்காகவே கிறிஸ்துமஸ் மத்தியானம் அந்தப் படம்தான் என்று வைத்துவிட்டேன். அவள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகும், லீவு வாங்கிக்கொண்டு படத்துக்கு வந்து சேர்ந்துவிடுவாள். ஊர்க்காரர்கள்தான் என்னைச் சும்மா விடவில்லை. பக்கத்து ஒலக்கூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கும் ஒருவர் வருஷம் தவறாமல் கேட்பார்.

“ஏங்கா, இந்த வருசமாவது அந்தப் பையன் முதல் ரயில்லயே வந்துடுவானா?”

போன கிறிஸ்துமஸ்

போன வருஷம் ஸ்டெல்லாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சொன்ன நாளிலிருந்து எனக்குக் கை வேலையில் ஓடவில்லை. அவள் சாப்பிட்டாளா, கோயிலுக்குப் போக விட்டார்களா என்று அதே நினைப்பு. கிறிஸ்துமஸ் மத்தியானம் கேட்டுப் படத்தைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை. ஏதோ ஒரு அடிதடிப் படத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உடனே போன். இத்தனை வருஷம் கிண்டல் பண்ணின அதே ஒலக்கூர்க்காரர். “கேட்டுப் படம் எங்கக்கா?” என்றார். பொண்ணு வரலைங்க, போடத் தோணலை என்றேன். அவர் விடவில்லை.

“எம்புள்ளையுந்தான் திருப்பூர்லருந்து வரல. ஒங்க பொண்ணு வரலன்னா நாங்க அழுவக்கூடாதாக்கா?”

மூடி வைத்த தட்டு

படத்தை மாற்றினேன். பாதியில் ஸ்டெல்லா வீடியோ காலில் வந்தாள், வார்டு உடுப்போடு. போனைத் திருப்பி டிவிக்கு நேராகச் சொம்பில் சாய்த்து வைத்தேன். அங்கே அவளும், இங்கே நானும் பார்த்தோம். ரயில் நிற்கப்போகிற நேரம் பார்த்து நெட் நின்றுவிட்டது. நெட்டும் எங்கள் லைன்தான். நானே கேபிள்காரி, யாரிடம் போய்ப் புகார் சொல்வேன்? மறுபடி அவள் லைனில் வருவதற்குள் படமே முடிந்துவிட்டது.

“அவன் வந்துட்டானாம்மா?” என்றாள், தெரியாதவள் மாதிரி. “வந்துட்டான்டி” என்றேன். அவள் முகத்தை மூட அங்கே முந்தானை ஏது? கையாலேயே துடைத்துக்கொண்டாள். டிவிக்கு முன்னால், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், நான் பிரியாணி போட்டு வைத்திருந்த தட்டு அவள் கண்ணில் பட்டிருக்கிறது. போனில் அதுவும் தெரியும் என்று எனக்குத் தோணவில்லை.

“எந்தட்ட மூடி வைம்மா, ஈ மொய்க்குது பாரு.”

இந்த வருஷம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வந்தாலும் கேட்டுப் படம்தான், வராவிட்டால் போன வருஷம் மாதிரி எல்லோருமாகச் சேர்ந்து அழுவோம், யாரும் எனக்கு போன் பண்ணக் கூடாது.